ஒத்திகைப் பிரமுகர்

லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், விமலனுக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும்.

"மோட்டார்தான் தூக்குதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லண்ணே. அந்தப் பக்கம் ஒரு எடை தொங்குது. பெட்டியும் எடையும் தராசுத் தட்டு மாதிரி. அது இறங்குனா இது ஏறும். மோட்டார் லேசா ஒரு தள்ளு தள்ளுது, அவ்ளோதான் லா."

பதினாறு வருடமாகக் கோலாலம்பூரின் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பவன் அவன். அந்த அறிவையெல்லாம் கொண்டுபோய் ஒரு கப்பலுக்குள் வைத்தான்.

கப்பல், 'நண்டுத் தீவின் ஒன்பது கொள்ளையர்கள்' என்ற முழுநீள நாடகத்துக்காக. எழுதியவன் விமலன். உடை தைத்தவள் அவன் மனைவி மலர். நடிப்பவர்கள் பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒன்றரை மணி நேரம் ஓடும் கதை. அதில் ஒன்பது கொள்ளையர், வழி கேட்டால் விடுகதை போடும் ஒரு நண்டு, நீச்சல் தெரியாத சுங்க அதிகாரிகள், மிச்சமிருந்தவர்கள் எல்லாம் அலைகள். பிள்ளையைக் கூட்டி வரும் அப்பாவும் சிரிக்க வேண்டும், மடியில் இருக்கும் குழந்தையும் கைதட்ட வேண்டும் என்பது அவன் கணக்கு.

கொள்ளையர் தலைவி கேப்டன் கறுப்புமீன், பிரெண்டா. வயது பதினொன்று. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவள் "நங்கூரத்தைத் தூக்குங்கடா!" என்றால் நான்காவது மாடியில் மீன் பொரிக்கும் ஆன்டிகூட கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்.

ஒரே ஒரு சிக்கல். பிரெண்டாவின் அப்பாவுக்குத் தெற்குக் கோடியிலிருக்கும் ஜொகூர் பாருவுக்கு வேலை மாற்றம். பதினாலாம் தேதி சனிக்கிழமை நாடகம். பதினைந்தாம் தேதி காலை வீட்டுச் சாமான் ஏற்ற லோரி. சனிக்கிழமை கப்பல் ஓடினால் உண்டு. இல்லையென்றால் அது கேப்டன் இல்லாத கப்பல்.

அந்தக் கப்பல் ஓடும் அளவுக்கு அகலமான மேடை கிள்ளானில் ஒரு மண்டபத்தில் இருந்தது. மண்டபம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுநீள நாடக வளர்ச்சிப் பேரவையின் பொறுப்பில் இருந்தது. பேரவைக்குப் பதினெட்டு ஆண்டு வரலாறு. அந்தப் பதினெட்டு ஆண்டில் நடந்த விழாக்கள் முந்நூற்றுப் பதினொன்று. மேடையேறிய முழுநீள நாடகங்கள் இரண்டு.

விமலன் விண்ணப்பிக்கப் போனபோது, நெறிமுறைப் பிரிவுத் தலைவர் அய்யாவு அவனை அன்போடு வரவேற்றார். பாத்தேக் சட்டை, பையில் மூன்று பேனா, கையில் அவரே எழுதிய நெறிமுறைக் கையேடு. முதலில் நாடகப் படிவத்தைக் கொடுத்தார். ஒரே பக்கம். கேள்வி ஒன்று: நாடகத்தின் பெயர். கேள்வி இரண்டு: நாடகம் உண்டா? ஆம், இல்லை, பொருந்தாததை அடித்துவிடவும்.

அடுத்து விழாப் படிவத்தைக் கொடுத்தார். முப்பத்தொரு பக்கம். வாசலிலிருந்து பிரமுகர் சோபாவுக்கு எத்தனை எட்டு? பொன்னாடை எந்தத் தோளிலிருந்து எந்தத் தோளுக்கு? மின்விசிறிக் காற்றில் பிரமுகரின் தலைமுடி கலையும் வாய்ப்பு உண்டா? உண்டெனில் எந்தப் பக்கம்?

"அண்ணே, நாங்க நாடகம் போடத்தான் வந்தோம்" என்றான் விமலன்.

"பேரவை நாடகத்துக்கு எதிரி இல்ல தம்பி" என்றார் அய்யாவு கனிவாக. "நாடகம்னு ஒண்ணு இருந்தாத்தானே விழா வைக்க முடியும்? உங்க நாடகம் எவ்ளோ நேரம்?"

"ஒன்றரை மணி நேரம்ணே."

அய்யாவு விழாப் படிவத்தில் 'ஒன்றரை மணி' என்று எழுதினார். "விழா நாடகத்தைவிடச் சின்னதா இருக்கக் கூடாது. நம்மளவிட அந்தப் பிள்ளைங்க அதிக நேரம் மேடையில நின்னாங்களேன்னு பிரமுகர் மனசுல பட்டுடக் கூடாது பாருங்க. சின்ன நாடகம் போட்டவங்க எல்லாம் அரை மணி விழாவோட போயிட்டாங்க. நீங்கதான் முழுநீளம்னு வந்துட்டீங்க. சரி, கிமிக் என்ன வெச்சிருக்கீங்க?"

இந்த நாட்டில் எந்தப் பிரமுகரும் 'தொடக்கி வைக்கிறேன்' என்று வெறும் வாயால் சொல்லி எதையும் தொடக்கி வைப்பதில்லை. கண்ணாடி உருண்டையில் கை வைப்பார், உருண்டை மின்னும், புகை வரும், வண்ணக் காகிதம் பறக்கும். அதற்குப் பெயர்தான் கிமிக். பல் மருத்துவ முகாம் என்றால் ஆளுயரப் பல்துலக்கியைத் தூக்கிக் காட்டுவார்கள்.

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு விமலன் எழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் வாய் சும்மா இருந்ததா?

"கிமிக்கெல்லாம் இல்லண்ணே. ஆனா எங்க கப்பல்ல ஒரு சுக்கான் சக்கரம் இருக்கு. சும்மா அலங்காரம் இல்ல, உண்மையாவே வேலை செய்யும். மூணு சுத்து சுத்துனா ஒரு ஆணி கழலும். ஆணி கழண்டா மேல தொங்குற இருபத்துநாலு தண்ணி போத்தல் இறங்கும். அது இறங்க இறங்க, கயிறு கப்பலை இழுக்கும். திரையும் அதே கயித்துல இருக்கறதால தானா விலகும். கயிறை ஒரு தூண்ல ரெண்டு சுத்து சுத்தி விட்டிருக்கேன், அதனால எடை தொபுக்குன்னு விழாது, மெதுவா வரும். ஆனா ஒண்ணுண்ணே, கிளம்புச்சுன்னா நிறுத்த முடியாது. முப்பத்தாறு கிலோ தரைக்கு வந்தாத்தான் அடங்கும்."

அய்யாவு பேனாவைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, பதினெட்டு வருஷத்துல இப்படி ஒரு கிமிக் பேரவைக்குக் கிடைச்சதில்ல."

அப்படியாகச் சக்கரம் டத்தோ சிவநேசனுக்குப் போயிற்று. அரசு தந்த டத்தோ பட்டம் உள்ளவர், பேரவையின் நிரந்தரச் சிறப்புப் பிரமுகர். அவர் சுற்றினால்தான் கப்பல் கிளம்பும். மலர் வெள்ளி முலாம் பூசி வைத்திருந்த சக்கரத்துக்குப் பேரவை தங்கக் காகிதம் ஒட்டி, நாடா கட்டி, திரைக்கு முன்னால் நிறுத்தியது.

விழாவுக்கு ஆறு ஒத்திகை கட்டாயம். பிரமுகர்கள் ஒத்திகைக்கு வரமாட்டார்கள். வந்தால் அதற்கே ஒரு விழா வைக்க வேண்டியிருக்கும். அதனால் அவர்களுக்குப் பதிலாக ஆட்கள் உட்கார்ந்து, எழுந்து, மாலை வாங்கி, கைகுலுக்கிக் காட்ட வேண்டும். கையேட்டில் அவர்களுக்குப் பெயர் 'ஒத்திகைப் பிரமுகர்'. பேரவை உறுப்பினர்களுக்குச் சனிக்கிழமைகளில் கல்யாணச் சாப்பாடு இருந்தது. முன்வரிசையில் சோபா இருபத்திரண்டு. பிள்ளைகளும் இருபத்திரண்டு.

"அப்போ நாடகத்துக்கு ஒத்திகை?" என்றான் விமலன்.

அய்யாவு கையேட்டைப் புரட்டிக் காட்டினார். 'நாடக ஒத்திகை' என்ற தலைப்பின்கீழ் ஒரே வரி: விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரை சனிக்கிழமைகளில் மண்டபத்தை இலவசமாகப் பயன்படுத்தலாம்; வேறு விதிகள் இல்லை.

"அதுக்கு நாங்க ஒரு விதியும் வகுக்கல தம்பி. நாடகம் உங்க சொந்த விவகாரம்."

ஆறு சனிக்கிழமையும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வேனில் பிள்ளைகள் கிள்ளானுக்குப் போனார்கள். பிரெண்டா டத்தோ ஆனாள். நண்டாக நடிக்கும் தனேஷ் துணைப் பிரமுகர் ஆனான். அட்டைக் கொடுக்குகளைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே சோபாவில் உட்கார்ந்தான்.

விமலனுக்கு உள்ளுக்குள் பொறாமையாகக்கூட இருந்தது. அய்யாவு அவ்வளவு நல்ல இயக்குநர்.

"டத்தோ, உரை கேக்கும்போது தலை இருபது டிகிரி சாயணும்."

"தூங்குறாரா அங்கிள்?" என்றாள் பிரெண்டா.

"தூங்கல. உள்வாங்குறார். நடுவுல ஒரு தடவை போனைப் பாக்கணும், பாத்துட்டுக் கவலையா முகத்தை வெச்சுக்கணும். நாட்டு நிலவரம்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க."

டத்தோ பேச வேண்டிய உரையையும் அய்யாவுவே எழுதி வைத்திருந்தார். பிரெண்டா அதைக் கணீரென்று படித்தாள்: "எனக்கு முன் பேசியவர்கள் எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள். ஆகவே நானும் அதையே பேசுகிறேன். நேரம் குறைவு என்பதால் நேரத்தின் அருமையைப் பற்றி நாற்பது நிமிடம் மட்டும் பேசி அமர்கிறேன். பிள்ளைகளே, நீங்கள் நாளைய தலைவர்கள். ஆகவே இன்று சற்று ஓரமாக நில்லுங்கள்."

மூன்றாவது ஒத்திகையில், வரவேற்புக் குழுப் பெண் ஒருத்தி பிரெண்டாவுக்குக் கும்பிடு போட மறந்துவிட்டாள். அய்யாவு அன்றைக்குத்தான் கோபப்பட்டார். கையேட்டின் பதினான்காம் விதியை எல்லோரும் கேட்கும்படி வாசித்தார்:

"ஒத்திகைப் பிரமுகர் சோபாவில் அமர்ந்த கணம் முதல், உண்மைப் பிரமுகரின் பாதம் மண்டபத்தினுள் படும் கணம் வரை, சகல மரியாதைகளும் கடமைகளும் ஒத்திகைப் பிரமுகருக்கே உரியன. இதில் வயது, உயரம் பாராட்டலாகாது!"

பிரெண்டா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள்.

பதினாலாம் தேதி வந்தது. இரண்டு மணிக்கு விழா. ஏழு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். ஒன்றரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது. கைக்குழந்தை, தாத்தா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். முன்வரிசையில் இருபத்திரண்டு சோபாக்கள் மட்டும் வெள்ளைத் துணி போர்த்திக் காலியாக இருந்தன.

இரண்டு மணிக்கு டத்தோ செமினியில் ஒரு பூப்பந்து அரங்கைத் திறந்துகொண்டிருந்தார். மூன்று மணிக்கும் செமினியில்தான் இருந்தார், ஏனென்றால் அங்கே கிமிக் மாட்டிக்கொண்டது. நான்கு மணிக்கு டெங்கிலில் ஒரு நர்சரிக்கு நாடா வெட்டினார்.

"டத்தோ டெங்கிலைத் தாண்டிட்டாரு!" என்று அய்யாவு ஒலிபெருக்கியில் அறிவித்தார். கறிபாப் பலகாரம் தீர்ந்தது. மைலோ தீர்ந்தது. கைக்குழந்தைகள் முறை வைத்து அழுதன. மேடைக்குப் பின்னால் அலைகளில் இரண்டு பாயில் படுத்துத் தூங்கிவிட்டன.

நாலேமுக்காலுக்கு அய்யாவு திரைக்குப் பின்னால் வந்தார்.

"தம்பி, அடுத்த மாசம் வெச்சுக்கலாம். விழா ஒன்றரை மணி, நாடகம் ஒன்றரை மணி. டத்தோ இப்ப வந்தாக்கூட ஏழுக்கு முடியாது."

"அண்ணே, விழாவை விட்டுட்டு நாடகத்தை மட்டும் போட்டுக்கிறோமே? தயவு பண்ணுங்க."

"பிரமுகர் இல்லாம தொடக்கமா?" அய்யாவு உண்மையாகவே பயந்துபோனார். "அப்புறம் அது நாடகமே இல்ல தம்பி. நாலு பிள்ளைங்க சத்தம் போடுறது, அவ்ளோதான்."

"அடுத்த மாசம் பிரெண்டா இருக்க மாட்டாண்ணே. நாளைக்குக் காலையில லோரி வருது."

"நல்ல பிள்ளை. டத்தோவா பிரமாதமா உக்காந்துச்சு" என்றார் அய்யாவு வருத்தத்தோடு. "கையேட்டுல லோரிக்கு விதி இல்லையே, நான் என்ன பண்ண?"

விமலன் மேலே பார்த்தான். இருபத்துநாலு போத்தல்கள் ஆடாமல் தொங்கின. எந்த லிஃப்ட் நின்றாலும் எதைத் தட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இங்கே எதைத் தட்டுவதென்று தெரியவில்லை. திரும்பிப் பிரெண்டாவிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தான். அவளைக் காணோம்.

மண்டபத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. திரையை விலக்கிப் பார்த்தான்.

கேப்டன் கறுப்புமீன், கண்பட்டை, மரக்கத்தி, மலர் தைத்த சிவப்புக் கோட்டுடன், வாசலிலிருந்து முப்பத்திரண்டு எட்டு எண்ணி நடந்து வந்தாள். இரு பக்கமும் பார்த்துத் தலையசைத்தாள். நடுச் சோபாவில் அமர்ந்தாள். தலையை இருபது டிகிரி சாய்த்தாள்.

அய்யாவு ஓடி வந்தார். "எந்திரிம்மா! அது டத்தோ சீட்டு!"

"பதினாலாம் விதி, அங்கிள்" என்றாள் பிரெண்டா, தலையை நிமிர்த்தாமலே. "நான் உக்காந்துட்டேன். அவர் கால் இன்னும் உள்ள வரல."

"அது ஒத்திகைக்கு எழுதுன விதி!"

"ஒத்திகைக்கு மட்டும்னு எழுதலையே?"

அய்யாவு கையேட்டைத் திறந்தார். எழுதவில்லைதான். அவர் முகத்தில் நடந்த போராட்டத்தை விமலன் பார்த்தான். ஒரு பக்கம் டத்தோ. மறுபக்கம் தன் கையாலேயே எழுதிய விதி. இரண்டும் தராசுத் தட்டு மாதிரி ஏறி இறங்கின. கடைசியில் எழுதியவன் பாசம் வென்றது. அய்யாவு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இடுப்பு வளையக் கும்பிட்டார்.

"வருக வருக, டத்தோ."

மற்ற பிள்ளைகளும் ஓடி வந்து சோபாக்களில் விழுந்தார்கள். தூங்கிய அலைகளைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். அவை உள்வாங்கிக்கொண்டிருப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். நண்டுக்குப் பொன்னாடை போர்த்தியபோது கொடுக்கு மாட்டிக்கொண்டு, போர்த்தியவரும் கூடவே சோபாவுக்கு இழுபட்டார். பிரெண்டா போனைப் பார்த்து நாட்டு நிலவரத்துக்காகக் கவலைப்பட்டாள். ஆறு வாரம் ஒத்திகை பார்த்த ஒன்றரை மணி விழாவைப் பிள்ளைகள் பதினோரு நிமிடத்தில் முடித்தார்கள். ஒரு வரவேற்பு, ஒரு மாலை, ஒரு நன்றி குறையவில்லை. குறைந்ததெல்லாம் பெரியவர்கள் நடக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான். பிரெண்டா படித்த உரையில் "இன்று சற்று ஓரமாக நில்லுங்கள்" என்ற இடத்தில் பின்வரிசையில் ஒரு தாத்தா சிரித்துச் சிரித்துப் பல்செட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பிரெண்டா மேடையேறித் தங்கச் சக்கரத்தைப் பிடித்தாள். ஒரு சுற்று. இரண்டு. மூன்று.

ஆணி கழன்றது. போத்தல்கள் இறங்கின. திரை விலகியது. எட்டுச் சக்கரங்களின்மேல் கப்பல் அசைந்து அசைந்து மேடைக்குள் வந்தது. பிள்ளைகள் சோபாக்களைத் தாண்டிக் குதித்து அதில் ஏறினார்கள்.

"நங்கூரத்தைத் தூக்குங்கடா!"

விமலன் தூணருகே கயிற்றைப் பிடித்தபடி நின்றான். மூக்கை உறிஞ்சினான். கயிற்றில் தூசி என்று மலரிடம் சொன்னான்.

நாடகம் பாதியைத் தாண்டி, நண்டுத் தீவில் கொள்ளையர்கள் புதையலைத் தேடிக்கொண்டிருந்தபோது மண்டபத்தின் கதவு திறந்தது. முன்னால் நாதஸ்வரம், பின்னால் குடை, நடுவில் டத்தோ சிவநேசன். உள்ளே பாதம் பட்டுவிட்டது. அய்யாவு கையேட்டைப் புரட்டினார். சக்கரம் ஏற்கெனவே சுற்றப்பட்டிருந்தால் என்ன செய்வது என்பதற்குப் பக்கமே இல்லை.

நாதஸ்வரத்தோடு ஒருவர் தீவுக்கு வருவதைப் பார்த்த ஜனங்கள், இதுவும் நாடகம்தான் என்று கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் டத்தோவின் கால் தானாக மேடைக்குப் போகும். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"யாருடா அது என் தீவுல கால் வெக்கிறது?" என்றாள் கேப்டன் கறுப்புமீன்.

டத்தோ பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "எனக்கு முன் பேசியவர்கள் எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள்..."

மண்டபம் அதிர்ந்தது. டத்தோ திடுக்கிட்டார். அவர் உரைக்கு இதுவரை யாரும் சிரித்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அடுத்த வரியைச் சந்தேகத்தோடு படித்தார். இன்னும் பெரிய சிரிப்பு. அதற்கடுத்த வரியைக் கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, ருசித்துப் படித்தார்.

"இவன் நாப்பது நிமிஷம் பேசுவானாம்! பிடிச்சுக் கட்டுங்கடா!" என்றாள் பிரெண்டா.

கொள்ளையர்கள் அவரைப் பொன்னாடைகளால் பாய்மரத்தில் கட்டினார்கள். அய்யாவு அவிழ்க்க ஓடி வந்தார்.

"இருங்க அய்யாவு" என்றார் டத்தோ மெதுவாக. "நல்லாத்தான் போகுது."

ஆறரைக்குப் புதையல் கிடைத்தது. டத்தோ கட்டுண்டபடியே கடைசி வணக்கம் வைத்தார். பிரெண்டா தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏழு மணிக்கு விளக்கை அணைக்கும்வரை அவளை யாரும் கீழே இறங்கச் சொல்லவில்லை. மறுநாள் காலை லோரி போயிற்று. முன் சீட்டில் பிரெண்டா, கண்பட்டையோடு.

அடுத்த வாரம் பேரவையிலிருந்து கடிதம் வந்தது.

'ஒத்திகைப் பிரமுகரால் தொடக்கி வைக்கப்படும் எதுவும் ஒத்திகையே ஆகும். ஆகவே பதினாலாம் தேதி நடைபெற்றது நாடகம் அன்று, ஒத்திகை மட்டுமே எனப் பேரவை ஒருமனதாகத் தீர்மானித்துள்ளது. தங்கள் விண்ணப்பம் தொடர்ந்து நிலுவையில் உள்ளது. உண்மையான நாடகத்துக்குரிய தேதி பின்னர் அறிவிக்கப்படும்.'

விமலன் அதை நான்கு முறை படித்தான். "பிள்ளைங்க நடிக்கவே இல்லைங்கறாங்களே மலர்" என்றான். மலர் கடிதத்தைப் படம் பிடித்து ஜொகூருக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. திரையில் பிரெண்டா.

"அங்கிள், ஒத்திகைக்குப் பிரமுகர் வேணுமா?"

"வேணாம்."

"விழா? சோபா? கிமிக்?"

"வேணாம்... அதுக்கு விதியே இல்ல."

"விண்ணப்பம் நிலுவையில இருந்தா சனிக்கிழமை மண்டபம் ஃப்ரீ. அய்யாவு அங்கிள் காட்டுனாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

விமலன், நின்றுபோன லிஃப்டில் சரியான இடத்தைத் தட்டியவன்போல் மெல்லச் சிரித்தான்.

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, கிள்ளான் மண்டபத்து வாசலில் சுவரொட்டி இருந்தது: 'நண்டுத் தீவின் ஒன்பது கொள்ளையர்கள். முழுநீள ஒத்திகை எண் 2. குடும்பத்தோடு வாங்க.' பிரெண்டா காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். இரண்டு மணிக்குத் தொடங்கும் நாடகத்துக்கு ஒன்றரைக்கே டத்தோ சிவநேசன் வந்தார். குடை இல்லை, நாதஸ்வரம் இல்லை. நேரே மலரிடம் போய், "என்னைக் கட்டுற துணி இஸ்திரி போட்டாச்சாம்மா?" என்றார்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அய்யாவு வந்தார். கையில் கையேடு. வாசலில் நின்று விமலனை உற்றுப் பார்த்தார்.

"இது ஒத்திகைதானே?"

"ஒத்திகைதாண்ணே."

"விழா கிடையாது?"

"கிடையாது."

"அப்போ பேரவை சார்பா நான் இங்க வரல" என்றார் அய்யாவு. செருப்பைக் கழற்றினார். கையேட்டை அதன்மேல் வைத்தார். சோபா போட்டிருந்த இடத்தில் இப்போது பாய் விரித்திருந்தது. நடுவில், இரண்டு கைக்குழந்தைகளுக்கு இடையே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சரியாக இரண்டு மணிக்குப் பிரெண்டா சக்கரத்தை மூன்று சுற்று சுற்றினாள்.